எர்த் பிடிக்கல

இடது இண்டிகேட்டரைப் போட்டால்
வலது டெயில் விளக்கு கண்ணடிக்கிறது.
பிரேக்கை மிதித்தால்
நம்பர் பிளேட் விளக்கு மங்கலாய் விழிக்கிறது.
வைப்பரைப் போட்டுப் பார்க்கப் பயம்,
எது எழுந்து உட்காருமோ.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஹெரால்டு.
நாளை சாயங்காலம் மேலூரில் மாப்பிள்ளை அழைப்பு.
அட்வான்ஸ் மூவாயிரம் வாங்கி,
செலவும் ஆகிவிட்டது.
திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில்
இரவு பத்தே முக்காலுக்கு
டிக்கிக்குள் தலையை விட்டுக் கிடக்கிறேன்.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நாலு பல்பும்
நல்ல பல்புதான்.
வயர்களுக்கு ஒரு காலத்தில் நிறம் இருந்தது:
பச்சை, பச்சையில் சிவப்புக் கோடு, வெள்ளைக் கோடு.
இப்போது அத்தனையும் ஆறிப்போன டீ.
எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ
ஸ்பீக்கர் வயரில் ஒட்டுப் போட்டு
மேலே செலோ டேப் சுற்றியிருக்கிறார்.
நாங்கள் சந்திக்காமலிருப்பது
இருவருக்கும் நல்லது.

மீட்டரின் கறுப்புக் காலை பம்பரில் வைத்து
சிவப்பால் குத்தினால் பன்னிரண்டு.
ஹோல்டர் வரை முழுசாகப் பன்னிரண்டு.
வரவில் குறையே இல்லை.

பிரேக் விளக்கைச் சோதிக்க
ஒரு கால் முன்னாலும்
இரண்டு கண் பின்னாலும் வேண்டும்.
பெடலில் செங்கல் வைத்தேன், சரிந்தது.
பிடிக்கப் போன முழங்கை ஹாரனில் விழ
எழுந்து வந்தவை மூன்று நாய்கள்,
ஒரு கைக்குழந்தையின் அழுகை,
பக்கத்து வீட்டு மொக்கராசு.

எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.
என் வண்டியின் வால் அவர் கேட்டை
ஒன்றரை அடி மறைக்கிறதாம்.
டேப் வைத்து அளந்தேன். ஒன்றேகால்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தவர்
திட்டத் திறந்த வாயோடு
விளக்கைப் பார்த்து நின்றுவிட்டார்.
'அங்கனயே நில்லுங்க' என்று சொல்லி
உள்ளே ஏறி மிதித்தேன்.
'எரியுதா?'
'வலது எரியுது. இடது அழுவுது.
நடுவுல நம்பர் லைட்டு என்னத்துக்கு எரியுது?'
இண்டிகேட்டரைத் தட்டினேன்.
'இது தூங்குது தாயி,
இதுக்குப் பதிலா அது முழிக்குது.'

பொதுப்பணித் துறையில் லஸ்கராக
முப்பது வருஷம் மடை திறந்து மூடியவர்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
'வாரதுல கொறையில்ல. போக வழியில்ல.
கலுங்க அடைச்சா கண்மாத் தண்ணி
அடுத்தவன் காட்டுலதான ஏறும்?'

கறுப்புக் காலை பம்பரிலிருந்து எடுத்து
ஹோல்டரின் உடம்பில் வைத்தேன்.
நாலு, மூன்று, ஆறு,
எதிலும் நிற்காமல் ஆடியது.

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனால்
உள்மடிப்பில் ஓர் ஒற்றை ஸ்குரூ,
அதன் அடியில் பளபளவென்று க்ரீம் நிறம்.
போன பங்குனியில் வில்லாபுரம் ஷெட்டில்
இருபத்திரண்டாயிரம் கொடுத்து அடித்தது.
மூன்று கோட்டு. குறை சொல்ல முடியாத வேலை.
எர்த் உட்கார்ந்த இடத்தைக்கூட
விட்டுவைக்காமல் அடித்திருந்தான்.

உப்புத்தாள் இல்லை.
மொக்கராசு இடுப்பிலிருந்து
கேட் சாவியை எடுத்து நீட்டினார்.
சுரண்டினேன்.
க்ரீமுக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே எவரோ ஆசைப்பட்ட மெரூன்,
அதற்கும் கீழே
இரண்டு ரூபாய் அகலத்துக்கு
வெறும் தகரம்.
வலித்த ஒவ்வொரு சுரண்டலுக்கும்
நானே விலை போட்டுக்கொண்டேன்.

ஸ்குரூவை முறுக்கிவிட்டு மிதித்தேன்.
எரியுதா என்று கேட்கவில்லை.
கண்ணாடியில் அவர் லுங்கி, அவர் கேட்,
கேட்டில் தொங்கும் பால் பை,
எல்லாம் சிவந்து நின்றன.

முன்விளக்கில் ஒன்று இன்னும் மஞ்சள்தான்.
அது காலைப் பாடு.

சாவியைத் துடைத்துக் கொடுத்தேன்.
வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு
'மேலூர் போயிட்டு வந்தா
ஒன்னேகால் அடி முன்னால தள்ளிப் போடு' என்று
கேட்டைச் சாத்தினார்.
ஒன்றரை என்று சொல்லவில்லை.